மடங்கிய சக்கரம் இறங்க மறுத்தால்

ஜூன், ஜூலையில் மேல்காற்று வீசும் காலை வேளைகளில் ராஜா அண்ணாமலைபுரத்து மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகிறவர்கள் தலைக்கு மேலே விமானங்கள் வரிசை கட்டி வருவதைப் பார்த்திருப்பார்கள். விமானம் எதிர்க்காற்றில் இறங்குவதையே விரும்பும். அதனால் அந்த நாட்களில் அவை வங்கக் கடலுக்கு மேல் போய்த் திரும்பி, பட்டினப்பாக்கம், அடையாறு முகத்துவாரம் பக்கமாக ஊருக்குள் நுழைந்து, மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வருகின்றன. ஓடுபாதைக்கு இன்னும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் இருக்கிறது. உயரம் ஆயிரத்து ஐந்நூறு அடி அளவில். இந்த இடத்தைக் கடக்கும்போது சக்கரங்கள் பெரும்பாலும் இறங்கிப் பூட்டிக்கொண்டிருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் போக்குவரத்தின் திசை மாறும். புறப்படும் விமானங்கள் இதே பக்கமாகச் சக்கரத்தை மடக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். அப்போது கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ஏர்பஸ் 320-இன் வயிறு வழவழப்பாக மூடியிருக்கும். போயிங் 737-இன் வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். மடங்கிய பிரதான சக்கரங்கள்தான் அவை. அந்த விமானத்தில் அவற்றை மூடக் கதவு கிடையாது.

அந்தச் சக்கரங்கள் இறங்காமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தமிழ்நாடு முழுவதும் ஒரு மாலை நேரத்தில் சேர்ந்து கேட்டது. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பயணிகளோடு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்தது. தொலைக்காட்சிகள் அதை நேரலையில் காட்டின. விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. இரவு எட்டே காலுக்கு விமானம் சக்கரங்களை ஊன்றி வழக்கம்போல இறங்கியது.

வட்டமடித்ததைப் பலர் தவிப்பாகப் பார்த்தார்கள். உண்மையில் அது கணக்கு. 737-க்கு வானிலேயே எரிபொருளைக் கொட்டிவிடும் வசதி கிடையாது. எடையைக் குறைக்க ஒரே வழி பறந்து எரிப்பதுதான். திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல் குறைவு. எடை குறையக் குறைய இறங்கும் வேகமும் குறையும், நிற்கப் பிடிக்கும் தூரமும் குறையும்.

சக்கரத்தைப் பொறுத்தவரை 737-இல் ஒரு பழைய பாணி ஏற்பாடு இருக்கிறது. துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் உள்ளே மூன்று கைப்பிடிகள்: மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடது வலது கால்களுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொன்றும் கம்பிவடம் வழியாக மேலே பிடித்திருக்கும் கொக்கியை விடுவிக்கும். அதற்குப் பின் மோட்டாரும் வேண்டாம், எண்ணெய் அழுத்தமும் வேண்டாம். கால் தன் எடையாலேயே விழும். மூக்குக் கால் முன்னோக்கி மடங்கும் வகை என்பதால், எதிர்க்காற்றே அதைப் பின்னால் தள்ளி நிமிர்த்திப் பூட்டிவிடும். ஏர்பஸ் 320-இல் இரு விமானிகளுக்கும் நடுவே ஒரு சுழல் கைப்பிடி. மூன்று சுற்று சுற்றினால் அங்கும் புவியீர்ப்பே வேலையை எடுத்துக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்கள் பல நூறு பொறியாளர்களை வைத்துச் செய்கிற இந்த மாற்று ஏற்பாட்டைத் தன் வீட்டு ஷெட்டில் தனி ஆளாக விமானம் கட்டுகிறவர் எப்படிச் செய்கிறார்? கதை அங்கேதான் சுவாரசியமாகிறது.

சொந்தமாக விமானம் கட்டும் பித்து சென்னைக்குப் புதிதல்ல. மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கார்சிகாக்காரர் ஜாக்கமோ டி ஏஞ்சலிஸ், 1910-லேயே தன் வடிவமைப்பில் ஒரு விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியில் கட்டவைத்து, பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் பொதுமக்கள் முன் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகூட ஆகாத காலம். அந்த விமானத்தின் சக்கரத்தை மடக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. அன்றைய வேகத்துக்கு அது தேவையும் இல்லை.

வேகம் இரட்டித்தால் காற்றின் இழுவை நான்கு மடங்காகும். சக்கரம், கால், பிரேக் எல்லாம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தால், மணிக்கு 150 கிலோமீட்டரில் பறக்கிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. 350-இல் பறக்க நினைப்பவருக்கு அது பெரிய தண்டச் செலவு. 1930-களில் வேக விமானங்கள் காலை மடக்கத் தொடங்கியது இதனால்தான். கையாலேயே மடக்கிய போர் விமானமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் வைல்ட்கேட் விமானத்தில் பைலட் ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே மறு கையால் ஏறத்தாழ முப்பது சுற்று சுற்றிச் சக்கரத்தை ஏற்றினார். அவசரத்துக்குப் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரில் கார்பன் டை ஆக்ஸைடு அடைத்த சிறு புட்டி ஒன்று இருந்தது. திறந்தால் வாயு பீறிட்டுக் காலை உதைத்து இறக்கும். ஒரே ஒரு முறைதான்.

இன்று வீட்டில் கட்டப்படும் வேக விமானங்களில் அதிகம் காணப்படுவது மின்சார ஹைட்ராலிக் முறை. அமெரிக்காவின் லான்செயர் 320, 360 போன்றவற்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒரு சிறிய மின் பம்ப் எண்ணெயை ஒரு பக்கம் தள்ளினால் கால் மடங்கும், மறுபக்கம் தள்ளினால் நீளும். மேலே மடங்கிய காலைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் கொக்கி அல்ல, எண்ணெய் அழுத்தம்தான். எங்காவது துளி கசிந்து அழுத்தம் குறைந்தால், ஒரு சுவிட்ச் அதை உணர்ந்து பம்பைச் சிறிது நேரம் ஓடவிடும். பறக்கும்போது பம்ப் அடிக்கடி தானாகவே முனகினால் எங்கோ கசிவு என்று கட்டியவருக்குப் புரிந்துவிடும்.

இந்த அமைப்பில் ஒரு அழகு இருக்கிறது. பிடித்திருப்பது அழுத்தம் மட்டும்தான் என்றால், அழுத்தத்தை விட்டுவிட்டால் போதும், கால் விழுந்துவிடும். விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன வால்வு. திறந்தால் அழுத்தம் கூடிய பக்கத்து எண்ணெய் குறைந்த பக்கத்துக்கு ஓடும். பிரதான கால்கள் சரிந்து இறங்கும். மூக்குச் சக்கரம்தான் முரண்டு பிடிக்கும். அது பின்னோக்கி மடங்கும் வகையாக இருந்தால், இறங்கும்போது எதிர்க்காற்றை முட்டிக்கொண்டு முன்னே வர வேண்டும். அதனால் கார் டிக்கி மூடியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த வகை வாயு ஸ்பிரிங் ஒன்றை அங்கே பொருத்துவார்கள். வேகத்தைக் குறைத்துவிட்டு வால்வைத் திற என்று கையேடு சொல்வதும் இதனால்தான். வேகம் கூடினால் காற்று ஸ்பிரிங்கை வென்றுவிடும்.

வேறு சிலர் கைப்பம்பை நம்புகிறார்கள். செஸ்னா நிறுவனத்தின் சக்கரம் மடங்கும் 172-இல் இது உண்டு. வீட்டில் கட்டும் விமானங்கள் பலவற்றிலும் உண்டு. மின் பம்ப் எரிந்துபோனால் கையால் அடித்து இறக்கலாம். சரி, குழாயே வெடித்து எண்ணெய் முழுவதும் வெளியே போய்விட்டால்? கைப்பம்ப் எதை அடிக்கும்? நல்ல வடிவமைப்பில் இதற்கும் விடை இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியில் மின் பம்புக்குப் போகும் குழாயைச் சற்று மேலே வைத்துவிடுவார்கள். அடியில் தங்கும் கொஞ்சம் எண்ணெய் கைப்பம்புக்கு மட்டும். ஆனால் அந்த எண்ணெயும் அதே உடைந்த குழாய் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அது வெறும் மனத்திருப்திதான்.

மாற்று ஏற்பாட்டை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: முதல் ஏற்பாடும் இரண்டாவதும் எதையெதைப் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன? ஒரே எண்ணெயையா, ஒரே ஒயரையா, ஒரே பல்சக்கரத்தையா? கழற்றிவிட்டு விழவைக்கும் முறை ஏறத்தாழ எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. அதனால்தான் அது மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வார்சா ஒரு பாடம். 2011 நவம்பர் 1 அன்று போலந்தின் லாட் நிறுவனத்து போயிங் 767 ஒன்று அமெரிக்காவிலிருந்து 231 பேரோடு வார்சா வந்தது. கிளம்பிய சற்று நேரத்திலேயே நடு ஹைட்ராலிக் அமைப்பில் எண்ணெய் போய்விட்டது. பரவாயில்லை, சக்கரக் கொக்கிகளை விடுவிக்கத் தனியாக ஒரு மின் மோட்டார் இருக்கிறது. சுவிட்சைப் போட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. விமானம் சக்கரமே இல்லாமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டு ஓடுபாதையில் இறங்கியது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தியபோதுதான் விஷயம் தெரிந்தது. காக்பிட்டின் ஓரத்தில், தரைக்கு அருகில் இருந்த பலகையில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்து கிடந்தது. அதை அமுக்கினார்கள். சக்கரங்கள் இறங்கின. அந்த மாற்று மோட்டார் உட்படப் பல வேலைகளுக்கு அந்த ஒரே பிரேக்கர்தான் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது.

மோட்டாரும் கைச்சுழற்சியும் சேர்ந்த வகை இன்னொன்று. இத்தாலியர் ஸ்டெலியோ ஃபிராட்டி வடிவமைத்த ஃபால்கோவில், 1955-இல் முதலில் பறந்த அந்த அழகிய மர விமானத்தில், மின் மோட்டார் திருகுகளைச் சுழற்றிக் காலை இறக்கும். கரண்ட் போனால் கையால் சுழற்றலாம். பல அமெரிக்கர்கள் அதைப் படங்களையும் உதிரிப் பொருட்களையும் வாங்கி வீட்டிலேயே கட்டினார்கள். தொழிற்சாலையில் செய்யப்படும் பீச்கிராஃப்ட் பொனான்ஸாவிலும் இதே யோசனைதான். அங்கே கைப்பிடி முன் இருக்கைகளுக்குப் பின்னால் கீழே இருக்கிறது. பைலட் உடம்பைத் திருகிப் பின்னால் கைவிட்டு ஏறத்தாழ ஐம்பது சுற்று சுற்ற வேண்டும். அதற்கு முன் மோட்டாரின் பிரேக்கரை இழுத்துவிட வேண்டும். மறந்தால், பாதியில் மோட்டார் உயிர்பெற்றுக் கைப்பிடியைச் சுழற்றி விரலை நொறுக்கிவிடலாம். மேகத்துக்குள் தனியாகப் பறக்கிறவர் இந்த ஐம்பது சுற்றை எப்படிச் சுற்றுவார் என்று வடிவமைத்தவர் யோசித்தாரா என்பது வேறு கேள்வி. இந்த வகையில் பல்சக்கரமே இறுகிப்போனால் கைப்பிடியும் சேர்ந்து இறுகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு லாங் ஈஸி. கலிஃபோர்னியாவில் பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1979-இல் பறக்கவிட்டது. நுரையும் கண்ணாடி இழையும் கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று படங்களை விற்றார். மூக்கருகே சிறு இறக்கை, பின்னால் எஞ்சின். பெங்களூருவில் தேசிய வானூர்தி ஆய்வகம் 1980-களில் கட்டிப் பறக்கவிட்ட சிறு ஆராய்ச்சி விமானம் இந்த வடிவமைப்பைத் தழுவியதுதான். கூட்டிழைப் பொருளில் விமானம் கட்டும் பழக்கம் அங்கே அப்படித்தான் கைக்கு வந்தது. பிறகு அதே ஆய்வகத்திலிருந்து வந்த ஹன்ஸா பயிற்சி விமானத்துக்கு அது உதவியது.

லாங் ஈஸியில் பின்கால்கள் மடங்கா. வளைந்த ஒரே கண்ணாடி இழைப் பட்டை, அவ்வளவுதான். மூக்குச் சக்கரம் மட்டும் மடங்கும். பைலட் எதிரே ஒரு சிறு கைப்பிடி. திருகுப் பல்லை மெல்லச் சுழற்றிக் காலை உள்ளே இழுக்கும். தரையில் ஒரு கண்ணாடிச் சாளரம். முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். விளக்கும் ஒயரும் பொய் சொல்லலாம், கண் சொல்லாது. பின்னாளில் பலர் கையால் சுற்றச் சோம்பல்பட்டு மின் மோட்டார் பொருத்தினார்கள். அதற்கு மாற்றாகத் தனி பேட்டரி ஒன்றையும் சேர்த்தார்கள். மூல வடிவத்தில் மாற்று ஏற்பாடே தேவைப்படாத ஒரு வேலைக்கு இப்படி இரண்டு புதிய சிக்கல்கள் வந்து சேர்ந்தன.

இந்த விமானத்தில் பைலட் இறங்கிவிட்டால் எடை பின்னால் சாயும். விமானம் வால் பக்கம் கவிழப் பார்க்கும். அதனால் நிறுத்தும்போது மூக்குச் சக்கரத்தை மடக்கிவிட்டு மூக்கைத் தரையில் ஊன்றி வைப்பார்கள். முட்டி போட்டு உட்கார்ந்த கன்று போல இருக்கும். மூக்கு தேயாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் வட்டு. அது வேறொன்றுமில்லை, ஐஸ் ஹாக்கி ஆடும் வட்டு! விளையாட்டுக் கடையில் கிடைக்கும். மூக்குச் சக்கரத்தை இறக்க மறந்து தரையிறங்கினாலும் அந்த வட்டும் கொஞ்சம் கண்ணாடி இழையும் தேய்வதோடு விஷயம் முடிந்துவிடும். ப்ரொபெல்லர் பின்னால் பத்திரமாக இருக்கிறது. மாற்று ஏற்பாடு தோற்றால் சேதம் சிறிதாக இருக்கும்படி முன்கூட்டியே அமைப்பதும் ஒரு மாற்று ஏற்பாடுதான். ரூட்டனின் கெட்டிக்காரத்தனம் இதில் தெரிகிறது.

தொழிற்சாலை விமானத்தில் வடிவமைப்பவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர். வீட்டில் கட்டுகிறவரோ மூன்றும் தானே. தான் செய்த தவறைத் தானே கண்டுபிடிப்பது கடினம் என்பது மட்டும் சிக்கல் அல்ல. ஷெட்டில் ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைப் பத்து முறை ஏற்றி இறக்கினால் அருமையாக வேலை செய்யும். அங்கே காற்று இல்லையே! எதிர்க்காற்றில் மூக்குக் கால் என்ன செய்யும் என்பது உயரத்தில் பறந்து, மாற்று வால்வைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அனுபவசாலிகள் இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யச் சொல்கிறார்கள். வாயு ஸ்பிரிங் வயதானால் வலு குறையும். கீல்களில் புழுதி படியும். ஐந்து ஆண்டு தொடாத வால்வு துருவேறி இறுகியிருக்கும். கால் முழுவதும் வந்தும் கடைசி அங்குலத்தில் பூட்டாமல் நின்றால், விமானத்தை இடமும் வலமும் ஆட்டியோ சட்டென்று மூக்கைத் தூக்கியோ எடையை உதறிப் பூட்டச் செய்வது பழைய பைலட்டுகளின் வித்தை.

இத்தனை வால்வும் கைப்பிடியும் ஒரு கோளாறுக்கு உதவாது: இறக்கவே மறந்துபோவது. 2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் இன்டர்நேஷனலின் ஏர்பஸ் 320 இறங்க வந்தபோது, இறக்கியிருந்த சக்கரத்தை மீண்டும் மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். காக்பிட்டில் எச்சரிக்கை ஒலிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. எஞ்சின்களால் ஓடுபாதையைத் தேய்த்துவிட்டு விமானம் மீண்டும் எழுந்தது. அடிபட்ட எஞ்சின்கள் நின்றுபோக, குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த 99 பேரில் 97 பேர் இறந்தார்கள். சக்கர அமைப்பில் பழுது எதுவும் இல்லை.

சிறு விமானங்களில் இதற்கு எளிய வழி, எஞ்சின் விசையைக் குறைத்தவுடன் சக்கரம் மேலே இருந்தால் ஹாரன் அடிக்கும் சுவிட்ச். பைப்பர் நிறுவனம் ஒரு படி மேலே போய், 1967-இல் வந்த ஆரோ விமானத்தில், வேகம் குறைந்தால் சக்கரம் தானாகவே இறங்கும்படி செய்தது. நல்ல எண்ணம்தான். எஞ்சின் நின்று மிதந்து வரும் வேளையில், இன்னும் கொஞ்ச தூரம் போனால் வயல்வெளியை எட்டிவிடலாம் என்று பைலட் தவிக்கும்போதும் அது தன் கடமையைச் செய்து சக்கரத்தை இறக்கி, மிதக்கும் தூரத்தைக் குறைத்துவிடும். பின்னாளில் பலர் அதைக் கழற்றி எறிந்தார்கள்.

வம்பே வேண்டாம் என்று மடக்காத சக்கரத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். வீட்டில் கட்டப்பட்டுப் பறக்கும் விமானங்களில் உலகிலேயே அதிக எண்ணிக்கை கொண்ட வான்ஸ் ஆர்.வி. வரிசை, பதினோராயிரத்துக்கும் மேல், எல்லாமே நிலையான கால்கள்தாம். சக்கரத்துக்கு மேல் காற்றை வழுக்கவிடும் மெல்லிய உறை ஒன்றைப் போட்டு இழுவையில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் பிரிட்டனில் வாழ்ந்த கேரளப் பொறியாளர் ஒருவர் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றிய ஸ்லிங் டி.எஸ்.ஐ. விமானமும் இதே ரகம். நம் ஹன்ஸாவும் அப்படித்தான். மணிக்கு 300 கிலோமீட்டருக்குள் பறக்கிறவருக்கு இதைவிட நல்ல தீர்வு இருப்பதாகத் தோன்றவில்லை.

அதற்கு மேல் வேகம் வேண்டும் என்பவர், எல்லாம் கைவிட்ட அந்த நாளுக்கும் தயாராக இருக்க வேண்டும். ஒரு பக்கக் கால் மட்டும் இறங்கி மறுபக்கம் மடங்கியே நின்றால், இறங்கியதையும் மடக்கிவிட்டு வயிற்றால் இறங்குவது பெரும்பாலும் மேல் என்பது பரவலான அறிவுரை. ஒற்றைக் காலில் தொட்டால் விமானம் சுழன்று கவிழலாம். புல்வெளி மெத்தென்று இருக்குமே என்று அங்கே போகவும் கூடாது. மண் உழுது மூக்கைப் பிடித்துக்கொள்ளும்; தார் ஓடுபாதையில் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். தரை நெருங்கும் முன் கதவைச் சற்றுத் திறந்து எதையாவது இடுக்கில் செருகி வைப்பார்கள், வளைந்த உடம்பில் கதவு சிக்கிக்கொள்ளாமல் இருக்க. எரிபொருளை மூடி, மின்சாரத்தை அணைத்து, மெல்லத் தொட வேண்டும். பைலட் பெரும்பாலும் ஒரு சிராய்ப்புமின்றி இறங்கி நடந்துவிடுவார். ப்ரொபெல்லர் தரையில் அடித்த எஞ்சினை மட்டும், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், முழுவதும் பிரித்து உள்ளே தண்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. சில நேரம் அந்தச் செலவு விமானத்தின் விலையில் பாதியைத் தொட்டுவிடும்.